நெய்தல் நிலத்தில் கண் கூசுதல்: மெரினா மார்கழிப் படங்கள் குறித்த ஓர் ஆராய்ச்சி

ஆய்வின் தேவை

சென்னையில் ஒரு சித்தப்பாவோ பெரியம்மாவோ வாய்த்த எந்தக் குடும்பத்தின் ஆல்பத்திலும் ஒரு படம் தவறாமல் இருக்கும். பின்னால் கடல். முன்னால் உயர வரிசையில் ஏழெட்டுப் பேர். அத்தனை பேரும் எலுமிச்சைத் துண்டைக் கடித்தவர்போல முகத்தைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். புறப்படும்போது நடந்த சண்டைதான் காரணம் என்பது ஒரு சாரார் கருத்து. அந்தக் குடும்பத்து ஜாடையே அப்படித்தான் என்பது மருமகள்களின் கருத்து. இரண்டும் பிழை. முழுப் பழியும் வங்காள விரிகுடா இருக்கும் திசையையே சாரும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பர் இலக்கணம் வகுத்தோர். நெய்தலுக்கு உரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது பொழுது சாயும் வேளை. ஆகவே, மதியச் சாப்பாடும் தூக்கமும் முடிந்து, "கிளம்புங்க, பீச்சுக்குப் போலாம்" என்று நான்கு மணி வாக்கில் ஆட்டோ ஏறும் குடும்பம், தன்னையறியாமலே அகத்திணை மரபைக் காப்பாற்றுகிறது.

பெரும்பொழுதில்தான் சிக்கல். ஜனவரியிலும் பகல் வெப்பம் 29, 30 பாகை செல்சியஸைத் தொடும் ஊருக்குக் குளிர்காலம் உண்டா என்பது நெடுநாள் வழக்கு. வெப்பமானியை நம்பினால் தீர்ப்புக் கிடைக்காது. பரணிலிருந்து தாத்தாவின் மஃப்ளர் இறங்கும் நாளே முன்பனியின் முதல் நாள் என்று இக்கட்டுரை கொள்கிறது.

இனி நிலம். ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் இங்கே உலாச்சாலை அமைத்தார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட துறைமுகச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணலை வழிமறித்தன. தடுக்கப்பட்ட மணல் மெரினாவில் சேர்ந்தது. அது கிடைக்காத ராயபுரம் பக்கம் கரை அரிப்புக்கு ஆளானது. இதன் விளைவாக இன்று காமராஜர் சாலைக்கும் அலைக்கும் நடுவே சராசரியாகச் சுமார் 300 மீட்டர் மணல் கிடக்கிறது.

இது புகைப்படக் கலையை நேரடியாகப் பாதிக்கும் செய்தி. சாலையோரம் நின்று எடுப்பவரின் செல்போன் கடல்மட்டத்துக்கு 5 மீட்டர் மேலே இருப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 300 மீட்டர் தள்ளியுள்ள நீர்விளிம்பு அடிவானத்துக்கு ஏறக்குறைய 1 பாகை கீழே தெரியும். சாதாரண செல்போன் லென்ஸ் மேலும் கீழுமாக 50 பாகைக்கு மேல் விழுங்கக்கூடியது. ஆக, ஃப்ரேமின் உயரத்தில் கடலுக்குக் கிடைப்பது ஐம்பதில் ஒரு பங்கு. மிச்சமெல்லாம் வானமும் மணலும், இடையில் ஒரு குதிரையும். பெரியம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவு தூரம்டா?" என்று கேட்டபடியே அலை வரைக்கும் நடக்க நேர்வது இந்த ஐம்பதில் ஒன்றை ஐந்தில் ஒன்றாக்கத்தான்.

கருப்பொருள்

உணவு: தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டல், கூடவே மிளகாய் பஜ்ஜி. விலங்கு: மேற்படி குதிரை. பறவை: சுண்டல் பொட்டலத்தைக் குறிவைக்கும் காகம். பறை: பலூன் சுடும் துப்பாக்கியின் சத்தம். தொழில்: படம் எடுத்துக் கையோடு பிரிண்ட் போட்டுத் தருதல்.

இத்தொழில் புரிவோரை எந்தப் பல்கலைக்கழகமும் அழைத்துக் கௌரவித்ததாகத் தெரியவில்லை. ஆனால் இந்த ஆய்வின் மையப் பிரச்சினைக்கு நடைமுறைத் தீர்வு கண்டவர்கள் அவர்களே. கழுத்தில் கேமரா தொங்க, தோளில் பையோடு வருபவர் குடும்பத்தை வரிசையில் நிறுத்திவிட்டுச் சொல்வார்: "எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. மூணு சொன்னதும் தொறங்க. பெரியவரே, மூணுக்குத்தான், ரெண்டுக்கு இல்ல." மூடிய இமைக்குள் கண் இளைப்பாறுகிறது, திறந்த முதல் கணத்தில் கூச்சம் தலைகாட்டுவதற்குள் படம் விழுந்துவிடுகிறது. இதைவிடச் சிக்கனமான ஆய்வுமுறை அறிவியலில் அரிது.

உரிப்பொருள்

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். மார்கழி மெரினாவுக்கு மட்டும் அது கூசல் என்று திருத்தப்பட வேண்டும். சான்று வருமாறு.

சென்னை 13ஆம் வடக்கு அட்சரேகையில் உள்ளது. ஜூன் மாதப் பிற்பகல் 4 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 35 பாகை உயரத்தில் இருக்கும். டிசம்பர் கடைசியில் அதே 4 மணிக்கு 22, 23 பாகைக்கு இறங்கிவிடுகிறது. தலைக்கு மேல் அடிக்க வேண்டிய வெயில் நேராக முகத்துக்கு வருகிறது. கடல் கிழக்கே, சூரியன் தென்மேற்கே. கடல் பின்னால் தெரிய நிற்பவர் மேற்கே பார்த்தாக வேண்டும். மேற்கே பார்த்தவர் கண்ணைச் சுருக்கியாக வேண்டும். தப்பிக்க வழியில்லை.

எடுப்பவரும் தப்புவதில்லை. அந்நேரத்தில் ஐந்தரை அடி ஆளின் நிழல் சுமார் 13 அடி நீளும், அதுவும் வடகிழக்காக. ஆகையால் இடது ஓரத்தில் நிற்கும் கடைக்குட்டியின் பக்கத்தில், இரு முழங்கையும் விரித்த ஓர் உருவம் மணலில் படுத்துக் கிடக்கும். பிற்காலத்தில் "இது யாரு எடுத்தது?" என்ற கேள்வி எழும்போது, மாமாதான் என்று அந்த முழங்கையை வைத்தே தீர்ப்புச் சொல்லலாம்.

மும்பையின் மரைன் டிரைவும் கொழும்பின் காலிமுகத்திடலும் மேற்குப் பார்த்தவை. அங்கே பிற்பகலில் சூரியன் கடல் பக்கம். கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்பவர்களுக்குக் கண் கூசாது, முகம்தான் கறுத்துப்போகும். அப்படங்களில் இருப்பவர் மனைவியா, மைத்துனியா என்று உறுதி சொல்ல முடியாது. மெரினாப் படத்திலோ ஒவ்வொரு சுருக்கமும் துல்லியம். ஒரு கடற்கரை ஊரின் ஆல்பம் கலைநயத்தோடு அமைவதும், ஆதார் அட்டை போல அமைவதும் கரை பார்க்கும் திசையைப் பொறுத்ததேயன்றி, எடுப்பவர் திறமையைப் பொறுத்ததன்று.

தடையும் விடையும்

கறுப்புக் கண்ணாடி அணிந்தால் என்ன எனின், அணியலாம். கறுப்புக் கண்ணாடியைத் தம் அடையாளமாகவே ஆக்கிக்கொண்ட எம்.ஜி.ஆர்., கருணாநிதி ஆகிய இரு முதலமைச்சர்களின் நினைவிடங்களும் இக்கரையிலேயே உள்ளன என்பது கருதத்தக்கது. ஆயினும் குடும்பத்தில் கண்ணாடி ஒன்று, முகம் எட்டு என்பதால் இத்தீர்வு பொதுவிதி ஆகாது.

1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்ட சிலைகள் சாலையைப் பார்த்து, அதே மேற்கு வெயிலில், அரை நூற்றாண்டுக்கு மேலாக இமைக்காமல் நிற்கின்றனவே எனின், அற்றன்று. உலோகக் கண்ணுக்கு விலக்கு உண்டு.

திரும்பிக் கடலைப் பார்த்து நின்றால் என்ன எனின், ஒளியியல்படி அதுவே சிறந்தது. வெயில் பின்னாலிருந்து கூந்தலுக்கு ஓரம் கட்டும்; வெளிர் மணல் வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் பூசும்; கண்கள் அகலத் திறக்கும். ஆனால் பின்னணியில் வருவது கடலன்று, கார் நிறுத்துமிடம். படத்தை வாங்கிப் பார்க்கும் மதுரை அத்தை கேட்கும் முதல் கேள்வி, "கடல் எங்கடி?" பீச்சுப் படம் அழகுக்காக எடுக்கப்படுவதில்லை, போய்வந்ததற்குச் சாட்சியாக எடுக்கப்படுகிறது என்ற உண்மை இங்கே வெளிப்படுகிறது. சாட்சிக்கு முகம் சுருங்கலாம். கடல் காணாமல் போகக் கூடாது.

காலையில் போனால் என்ன எனின், காலையில் சூரியன் கடலுக்கு மேல். மும்பையின் கறுத்த முகங்கள் இங்கும் நேரும். தவிர, விருந்தாளிகள் எழுந்திருக்க வேண்டும்.

முடிபு

எஞ்சுவது ஒரே வழி. டிசம்பர் கடைசியில் 5.50 வாக்கில் சூரியன் நகரத்துக் கட்டடங்களுக்குப் பின்னால் மறைகிறது. அதன்பின் கால் மணி நேரம் வெளிச்சம் உண்டு, வெயில் இல்லை. கடலும் தெரியும், கண்ணும் திறக்கும், நிழலும் விழாது. எனவே 5.50 வரை பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் பிறகு படம் எடுப்பதே முறை எனப் பரிந்துரைக்கப்படுகிறது.

இதற்கு ஒரே இடையூறு, "போட்டோ எடுத்தாத்தான் பஜ்ஜி" என்ற விதி. ஏழெட்டுப் பேரையும் அதுவரை ஒரே வரிசையில் நிறுத்திவைப்பது அந்த விதி ஒன்றுதான். அதைத் தளர்த்தும் அதிகாரம் பெரியம்மாவிடம் உள்ளது. ஆய்வாளர் அதில் தலையிடுவதற்கில்லை.