ஆஃப்ரோடு அண்ணாச்சி

பாளையங்கோட்டையில் ஒருவர், நாகர்கோவிலில் ஒருவர், கோயம்புத்தூரில் தெருவுக்கு இருவர் என்று ஆஃப்ரோடு அண்ணாச்சிகள் இப்போது எங்கும் இருக்கிறார்கள். 2020 அக்டோபரில் புதிய தார் ஜீப் விற்பனைக்கு வந்த பிறகு இனம் பெருகிவிட்டது. கண்டுபிடிப்பது எளிது. கூரைமேல் புதைந்த சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் ஆரஞ்சு நிற டிராக்‌ஷன் போர்டு, பக்கவாட்டில் மண்வெட்டி, பின்னால் இருபது லிட்டர் ஜெர்ரி கேன், முன்னால் வின்ச். மத்திய அமைச்சகம் 2017லேயே தடை சொல்லிவிட்டதால் முன்பக்கக் கம்பித் தடுப்பு மட்டும் இல்லை. அது அவருக்குத் தீராத மனக்குறை. இத்தனை அலங்காரத்தோடும் வண்டி நிற்கும் இடம் பெரும்பாலும் காய்கறிக் கடை வாசல்.

சும்மா சொல்லக் கூடாது, அவர் வைத்திருப்பதில் வேண்டாத பொருள் எதுவும் கிடையாது. அவரிடம் உள்ள நைலான் கயிறு இழுக்கும்போது கிட்டத்தட்ட முப்பது சதவீதம் நீண்டு, பிறகு சுருங்கி, புதைந்த வண்டியைப் பிடுங்கி எடுக்கும். கயிற்றை வண்டியில் மாட்டும் முக்கால் அங்குல ஷேக்கிள் 4.75 டன் தாங்கும். அதன் திருகை முழுக்க முறுக்கி, பிறகு கால் சுற்று தளர்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இழுத்து முடித்ததும் கழலாது. இழுவைக் கம்பி அறுந்தால் சவுக்குபோல் பாயும் என்பதால் நடுவில் கனமான சாக்கைப் போட வேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் மட்டும் கயிற்றைக் கட்டவே கூடாது, உருண்டை பிய்த்துக்கொண்டு குண்டாகப் பறக்கும். எல்லாம் சரி. ஆனால் இதையெல்லாம் அவர் சொல்வது பக்கத்து வீட்டுக் காதுகுத்து விழாப் பந்தியில், நாம் ரசத்துக்குக் கை நீட்டும்போது.

பொருள்களை அவர் பயன்படுத்துவாரா என்றால், மாட்டார். மண்வெட்டியில் மண் பட்டுவிடும். தோட்டத்தில் குழி வெட்ட மதனி ஒருநாள் அதைக் கேட்டதற்கு, "அது ரெக்கவரி மண்வெட்டில்லா?" என்று அதிர்ந்துபோய், கடைக்குப் போய் வேறொன்று வாங்கிவந்து கொடுத்தார்.

அவருடைய ஏக்கமே வேறு. யாராவது எங்காவது மாட்டிக்கொள்ள வேண்டும். மழை பெய்தால் ஊரார் குடை எடுப்பார்கள். அண்ணாச்சி வண்டிச் சாவியை எடுப்பார். எந்தப் பள்ளத்திலாவது ஒரு ஆட்டோ சாய்ந்திருக்காதா என்று நான்கு ரவுண்டு வருவார். ஒருமுறை வாய்க்கால் ஓரம் நின்ற காரை நோக்கி ஆசையோடு ஓடினார். உள்ளே இருந்தவர் போன் பேச நிறுத்தியிருக்கிறார். "சும்மா ஒருதரம் இழுத்துப் பாக்கட்டுமா, தம்பி?" என்று கேட்டாராம்.

ஒருநாள் அண்ணாச்சி குடும்பத்தோடு தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலுக்குப் பொங்கல் வைக்கக் கிளம்பினார். கோயிலுக்கு நல்ல ரோடு இருக்கிறது. அண்ணாச்சி அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டு, பனங்காட்டுப் பக்கமாகச் செம்மணல் பாதையில் வண்டியை இறக்கினார். தேரி மணல் தெரியுமல்லவா? இரும்புச் சத்தில் சிவந்து, காற்றடித்தால் இடம் மாறுகிற பொடி மணல். கொஞ்ச தூரத்திலேயே பின்சக்கரங்கள் பாதிக்குப் புதைந்தன. அண்ணாச்சி முகத்தில் பெண்ணுக்கு வரன் அமைந்த களை.

கருவிகள் எல்லாம் பொங்கல் பானைக்கும் அரிசிப் பைக்கும் அடியில் இருந்தன. எல்லாவற்றையும் இறக்கித் தார்ப்பாய் விரித்தார். ஷேக்கிள்களை அளவு வாரியாக அடுக்கினார். நாலடி ஜாக், கையுறை, கப்பி, மரத்தில் கட்டும் பட்டை. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதெல்லாம் விக்கியளா?"

அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. வின்ச் கம்பியைக் கட்டத் தோதான பனையைத் தேடிப் போய்விட்டார்.

வெயிலில் நின்ற மதனிதான் பொறுமை இழந்தார். "ஏங்க, மணல்ல போனா டயர்ல காத்த எறக்கணும்னு நீங்கதான தெனமும் சொல்லுவிய? எறக்குனியளா?"

இறக்கவில்லை. அதற்கென்றே பித்தளையில் வாங்கிய நான்கு திருகுகள் வெல்வெட் பையில் பத்திரமாக இருந்தன. முப்பதுக்கு மேல் இருந்த காற்றைப் பதினெட்டுக்கு இறக்கினார்கள். காற்று குறைந்தால் டயர் தட்டையாகி மணலில் நீளமாகப் படியும், எடை பரவும். லோ கியரில் போட்டு மெல்ல எடுத்ததும் வண்டி சாதுவாக வெளியே வந்துவிட்டது. கயிறு கட்டவில்லை, வின்ச் சுற்றவில்லை, போர்டு இறங்கவே இல்லை. அண்ணாச்சியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "இன்னொருக்கா உள்ள விட்டுப் பாப்பமா?" என்றார். மதனி பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு முடிந்தது.

ஆனால் தட்டை டயரோடு தார் ரோட்டில் வேகமாகப் போனால் டயர் சூடேறிக் கெடும். ரோட்டோரம் நிறுத்தி, கம்ப்ரஸரை பேட்டரியில் மாட்டிக் காற்றடிக்க ஆரம்பித்தார். சத்தம் கேட்டுப் பிள்ளைகள் கூடினார்கள். "மாமா, எஞ் சைக்கிளுக்கு?" என்றான் ஒருவன். அண்ணாச்சி நிமிர்ந்தார். மூன்று சைக்கிள்களுக்கு அடித்தார். பதநீர் கேனோடு வந்த ஒரு எக்ஸெல் மொபெட்டுக்கு அடித்தார். கடைசியில் ஒரு கால்பந்தும் வந்தது. பந்துக்கான ஊசியும் அவரிடம் இருந்தது. இருக்காதா பின்னே?

அன்று இரவு வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு செய்தி வந்தது: "தேரியில் ஐந்து ரெஸ்க்யூ. அனைவரும் நலம்."