ஒரு நிமிஷம் மச்சான்

ஆட்டிடம் பெயர் கேட்டதுதான் தப்பாகப் போயிற்று.

சனிக்கிழமை இரவு எட்டு மணி. வேளச்சேரியில் மூன்றாவது மாடி வீடு ஒன்றின் சாப்பாட்டு மேசை. நாலு வீரர்கள், ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜி, கைப்பிடி அளவு பகடைகள். மேசையின் தலைமாட்டில், மடக்கு அட்டை மறைப்புக்குப் பின்னால் டி.எம்., அதாவது டஞ்சன் மாஸ்டர். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் வீரர்களைத் தவிர மற்றதெல்லாம் அவர் பொறுப்பு. மழை அவர், மன்னர் அவர், மன்னருக்கு விஷம் வைக்கும் மந்திரியும் அவரே. அன்றைக்கு வீரர்கள் ஒரு கிராமத்துக்குள் நுழைந்தார்கள். நேரே ஊர்த்தலைவரைப் பார்க்கப் போவார்கள் என்பது அவர் போட்ட கணக்கு. ஆனால் வேலியோரம் ஓர் ஆடு நிற்பதாக அவரே பேச்சுவாக்கில் சொல்லித் தொலைத்திருந்தார். கூட்டத்தில் ஒருவனுக்கு விலங்குகளோடு பேசும் மந்திரம் தெரியும். அவன் ஆட்டின் முன்னால் உட்கார்ந்து, "உன் பேர் என்னம்மா?" என்றான்.

"ஒரு நிமிஷம் மச்சான்" என்றார் டி.எம். அட்டைக்குப் பின்னால் போனின் நீல வெளிச்சம் எழுந்தது.

அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். முதலில் அவர் முகம் மாறும். நூறு ரூபாய் நோட்டை நீட்டியவருக்குச் சில்லறை தேடும் கண்டக்டரின் முகம். பிறகு கட்டைவிரல் ஓடும். பிழைபிழையாக அடித்து, அழித்து, மறுபடி அடித்து அனுப்புவார். பதில் வந்துவிடும், அதில் குறையே இல்லை. ஆனால் ஓர் ஆட்டின் பெயரைக் கேட்டால் செயற்கை நுண்ணறிவு பெயரோடு நிறுத்தாதே. ஆட்டின் பூர்வீகம், அதன் மனக்காயம், அது காத்துவரும் ரகசியம், அதன் குரல் எப்படி இருக்கும் என்ற குறிப்பு என்று ஒன்றரைப் பக்கம் கொட்டும். அத்தனையையும் அவர் உதடு அசையப் படிப்பார். நடுவில் புருவம் உயரும், தலை ஆடும், "ஆகா" என்று ஒரு முனகல் வேறு. இதற்குள் ஒருவன் பகடைகளை அடுக்கிக் கோபுரம் கட்டியிருப்பான். இன்னொருவன் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்து முடித்திருப்பான். பஜ்ஜித் தட்டில் எண்ணெய் மட்டும் இருக்கும்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆட்டின் குரலில் தொடங்கினார். "என் பெயர் எலாரா. நிலவொளி என் கண்களில் உறைந்திருக்கிறது. கிசுகிசுக்கும் வனத்தின் அடியில் ஒரு கதவு இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளாக நான் அதைக் காக்கிறேன்." ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக்கொண்டே போனவர், திரையின் கடைசி வரியையும் அதே கனைப்போடு வாசித்துவிட்டார்: "இந்த ஆட்டுக்கு இன்னும் மூன்று ரகசியங்கள் சேர்க்கட்டுமா?"

சேர்க்க வேண்டாம் என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த ஆட்டத்தில் அவர்கள் ஒற்றுமையாக எடுத்த முதல் முடிவு அது.

அந்த மேசையில் ஒரு பெண் நோட்டுப் புத்தகம் வைத்துக் குறிப்பெடுப்பாள். எலாரா என்ற பெயர் வந்ததும் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். சத்திரக்காரி எலாரா. திருடர் தலைவி எலாரா. ஊருக்கு வடக்கே ஓடும் ஆறு எலாரா. இறந்துபோன ராணி எலாரா. இப்போது ஆடு. காடு என்று வந்தால் அது கிசுகிசுக்காமல் இருந்ததே இல்லை. இதில் டி.எம். செய்த பிழை எதுவும் இல்லை, இயந்திரத்தின் இயல்பே அதுதான். இதுவரை வந்த சொற்களை வைத்து, அடுத்து எது வருவதற்கு வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கணித்து எழுதுவது அதன் வேலை. கல்யாணப் பத்திரிகையில் 'நிகழும் மங்களகரமான' வரை படித்துவிட்டால் மிச்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம் இல்லையா? அந்த மாதிரி. மந்திரக் கதையில் ஒரு பெண் பெயர் கேட்டால் எலாராதான் அதற்குச் சட்டென்று வருகிறது போலும். வேறு பெயர் வேண்டும் என்று இரண்டாவது முறை கேட்கலாம்தான். கேட்டால் இன்னொரு நிமிஷம் ஆகும்.

கேலி செய்தால் அவருக்குக் கோபம் வராது, வரலாறு வரும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜெனீவா ஏரிக்கரை ஊரில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசனோடு சேர்ந்து உருவாக்கிய இந்த ஆட்டத்தை 1974-இல் வெளியிட்டார். முதலில் அச்சிட்டது ஆயிரம் பெட்டிகள். அதே கைகாக்ஸ் 1979-இல் டி.எம்.களுக்காக ஒரு கனத்த கையேடு எழுதினார். பகடையை உருட்டி, அட்டவணையைப் பார்த்து, எந்தப் பக்கம் வழி திரும்புகிறது, அறையில் என்ன இருக்கிறது என்று குகையையே கட்டிவிட அதில் ஒரு பின்னிணைப்பு உண்டு. "அவரே மெஷின்ல போட்டு எடுத்தவர்தான் மச்சான்" என்பது நம்மவர் வாதம். பாதி சரி. அட்டவணை சொல்வது 'இடப்பக்கம் ஒரு வழி, காலியான அறை' என்ற அளவுக்குத்தான். அறை ஏன் காலியானது, காலி செய்தவன் எங்கே போனான் என்று நடத்துகிறவர்தான் மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டும். ஆட்டத்தின் ருசியே அந்தக் குடைச்சலில்தான் இருந்தது.

இன்னொரு வேடிக்கை. 2023 ஆகஸ்டில், அரக்கர்களைப் பற்றி இந்த ஆட்டத்துக்கு வந்த புத்தகம் ஒன்றின் சில படங்களில் ஓவியர் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியிருந்தது வெளியே வந்து பெரும் ரகளை ஆனது. இனி ஓவியர்கள் அதைத் தொடக் கூடாது என்று ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் விதியைத் திருத்த வேண்டியதாயிற்று. அந்த வாரம் நம்மவர் கொதித்த கொதிப்பு! கலைஞன் வயிற்றில் அடிக்கலாமா என்று வாட்ஸாப் குழுவில் மூன்று நீண்ட செய்திகள். நாலாவது செய்தி, அந்தச் சனிக்கிழமைக்கான வில்லனின் படம். அவன் வலது கையில் ஆறு விரல்.

கோப்ளின் என்ற குட்டிப் பூதத்தின் விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் சாதாரண கோப்ளினுக்கு உயிர்ப்புள்ளி ஏழு. பழகிய ஆட்டக்காரர்களுக்கு இது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். ஒருத்தன் வாளை வீசி, "ஒன்பது டேமேஜ்" என்று அடுத்தவனைப் பார்க்கத் திரும்பியேவிட்டான். "இன்னும் நிக்குது" என்றார் டி.எம். எல்லோரும் அட்டையையே பார்த்தார்கள். போன் அந்தக் கோப்ளினுக்கு முப்பத்தெட்டு கொடுத்திருந்தது. கூடவே, பெரிய டிராகன்கள் மாதிரியானவற்றுக்கே உண்டான சிறப்புத் தாக்குதல் மூன்று. புத்தகமோ அவர் முழங்கைக்குக் கீழே மூடிக்கிடந்தது.

அந்தப் புத்தகம் அவர் சொந்தக் காசில் வாங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். பொம்மைகள், வரைபடம், பஜ்ஜிக்கு எண்ணெய் எல்லாமே அவர் செலவு. புதன்கிழமை தோறும் "சனிக்கிழமை யார் யார்?" என்று கேட்டு, பதில் வராமல் தனித்தனியாகப் போன் போட்டு இழுத்து வருகிறவரும் அவரே. அலுவலகத்தில் ரிலீஸ், வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல், அதற்கு நடுவே வாராவாரம் ஓர் உலகம் தயார் செய்ய வேண்டும். "ஒரு மாசம் நீங்க யாராவது நடத்துங்களேன்" என்று அவர் கேட்டபோது நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் போன் வந்தது. ஆக, அவர் யாரிடம்தான் கேட்பார்?

ஒரு நாள் போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. ஆடு இப்போது அவர்கள் கூடவே நடமாடுகிறது. அதற்கு என்ன தீனி போடுவது என்று ஒருவன் கேட்டான். டி.எம்.மின் கை பாக்கெட்டுக்குப் போய்த் திரும்பியது.

"போஸ்டர்" என்றார்.

"எந்த போஸ்டர்?"

"மன்னர் பிறந்தநாள் போஸ்டர். முதல்ல மூஞ்சியத்தான் திங்கும். அங்கதான் பசை ஜாஸ்தி."

அவ்வளவுதான். ராஜதுரோகக் குற்றத்தில் ஆட்டைக் காவலர்கள் பிடித்துப்போனார்கள். அதற்கு ஒரு வக்கீல் வேண்டியிருந்தது. வக்கீலுக்கு டி.எம். கொடுத்த மூக்கடைத்த குரல், அவர் குடியிருப்பின் செயலாளருடைய குரலேதான். முக்கால் மணி நேரம் யாரும் ஸ்கோர் பார்க்கவில்லை. பிறகு சமையலறையிலிருந்து அவர் மனைவி, "ஏங்க, சார்ஜ் ஏறிடுச்சு" என்றார்.

நோட்டுக்காரப் பெண்ணின் விஷயம் மட்டும் சிரிப்பில் சேராது. தன் கதாபாத்திரத்துக்கு அவள் முன்கதை எழுதிக் கொடுத்திருந்தாள். கையெழுத்தில் மூன்று பக்கம். அதில் ஓர் அக்கா வருவாள், பெயர் பூரணி. தங்கையைக் கரையேற்றிவிட்டு வெள்ளத்தில் போய்விடுவாள். அந்தச் சாவால்தான் அவள் பாத்திரம் பாட்டுப் பாடுவதை விட்டு வில்லைத் தூக்கியது. டி.எம். அந்த மூன்று பக்கத்தையும் படம் பிடித்துப் போனுக்குக் கொடுத்து, ஐந்து வரியில் சுருக்கச் சொல்லியிருக்கிறார். பதினோராம் வாரம், சந்தை நடுவில் முக்காடு போட்ட ஒரு பெண் வந்தாள். "தங்கையே! நான்தான் உன் அக்கா எலாரா" என்று டி.எம். உருக்கமாக வாசித்தார்.

மேசையில் யாரும் பேசவில்லை. "பூரணி" என்றாள் அவள். "அவ செத்துட்டா. ரெண்டாம் பக்கத்துல இருக்கு."

"ஒரு நிமிஷம்" என்றார் அவர்.

ஒருவர் உட்கார்ந்து எழுதித் தந்ததைப் படிக்க எந்த இயந்திரமும் தேவையில்லை. அதற்குப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தை அவர் கொடுக்கவில்லை. கோப்ளினுக்கு முப்பத்தெட்டு கொடுத்ததையெல்லாம் மன்னித்துவிடலாம்.

அடுத்த வாரம் அவள் பழைய பாத்திரத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, புதிதாக ஒன்றோடு வந்தாள். முன்கதைக்கான இடத்தில் ஒரே வரி: 'அக்கா இல்லை, தங்கை இல்லை, யாரும் இல்லை.' டி.எம். வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"சூப்பர்மா! இதுல நிறைய ஸ்கோப் இருக்கு" என்றபடி போனை எடுத்தார்.