முழங்காலுக்குக் கீழே

எங்கள் வீட்டு இரும்பு கேட்டுக்கு நான் பெயிண்ட் அடிக்கத் தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. மேலிருந்து கீழே அடித்துக்கொண்டு வந்தேன். முழங்கால் உயரத்துக்கு வந்ததும் இடுப்பு பிடித்துக்கொண்டது. அன்று முதல் கேட், வேட்டியை மடித்துக் கட்டியவர் மாதிரி, மேலே பச்சையும் கீழே துருவுமாக நிற்கிறது.

"சிநேகிதர்களோடு ஒருநாள் ஊர் சுற்றிவிட்டு வருகிறேன்" என்று சொன்னபோது என் மனைவி கேட்டைத்தான் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் நாலு கட்டைப்பைகளோடு வந்தாள்.

"சாத்தூர்ல சேவு, கோவில்பட்டியில கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா."

"நாலாவது பை?"

"இந்த மூணுல ஒண்ணைக் கிழிச்சுக்கிட்டு நிப்பீங்கள்ல, அதுக்கு."

மதுரையிலிருந்து காரில் நாலு பேர் கிளம்பினோம். கார்க்காரர் வண்டியைப் பார்த்துக்கொண்டார். ஓய்வுபெற்ற வங்கிக்காரர் செலவைப் பார்த்துக்கொண்டார். வரலாற்று வாத்தியார் எங்களைப் பார்த்துக்கொண்டார். வழி கேட்பது என் பொறுப்பு. அதனால் ஒவ்வோர் ஊருக்கும் இரண்டு தடவை போய்ச் சேர்ந்தோம்.

மழையை நம்ப முடியாத கரிசல் சீமை அது. அதனால் ஆளுக்கொரு கைத்தொழிலை நம்பிக்கொண்ட ஊர்கள். சிவகாசிக்குப் பட்டாசு என்றால் விருதுநகருக்குப் பொரித்த பரோட்டா. அதைத் தின்றே தீர்வது என்று காலை எட்டு மணிக்கே போய் நின்றோம். ஊரே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நாங்களும் சாப்பிட்டோம்.

சாத்தூர் ஒரு காலத்தில் பேனா நிப்புக்கும் பேர்போன ஊர். வங்கிக்காரர் ஆசையாக நிப் கேட்டார். "காரச்சேவு இருக்கு, மிளகுச்சேவு இருக்கு" என்றார் கடைக்காரர். முதல் பை நிரம்பியது. அதன்மேல் நான் உட்கார்ந்தது சாத்தூரைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. நாலாவது பைக்கு வேலை வந்துவிட்டது.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடையிலேயே ஒரு துண்டைக் கடித்தேன். கடைவாய்ப் பல்லுக்குப் போட்டிருந்த கேப், வெல்லப்பாகோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கழுகுமலைக்குப் போனேன்.

வெட்டுவான் கோயிலை அங்கே பார்த்ததும் எனக்குப் பல் வலி மறந்துபோயிற்று.

எட்டாம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். ஒரே பாறை. வாத்தியார் கையை நீட்டி விளக்கினார்: "கட்டுன கோயில் இல்லைய்யா இது, வெட்டுன கோயில். விமானத்தை முதல்ல செதுக்கி, மேலயிருந்து கீழ வந்திருக்கான். மேல பாரு, எப்படி இழைச்சிருக்கான்! கீழ முடிக்கல."

"முடிக்கலையா?"

"முடிக்கல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மேலிருந்து கீழே! கீழே முடிக்கவில்லை! சிற்பிகளான தந்தைக்கும் மகனுக்கும் போட்டி வந்து, தந்தையே மகனைக் கொன்றுவிட்டதால் வேலை நின்றுபோயிற்று என்று ஊரில் ஒரு கதை உண்டு. எனக்கென்னவோ காரணம் இடுப்பு என்றுதான் பட்டது. சொன்னேன். வாத்தியார் ராஜபாளையம் வரை என்னோடு பேசவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிலோ பால்கோவா வாங்கினோம். 'ருசி மட்டும் பார்ப்போம்' என்று வங்கிக்காரர்தான் ஆரம்பித்தார். திருமங்கலம் வருவதற்குள் பொட்டலத்தின் அடிக்காகிதம் தெரிந்துவிட்டது. அன்று நாங்கள் முழுதாகச் செய்து முடித்த வேலை அது ஒன்றுதான்.

வீட்டில் மூன்று பைகளையும் வரிசையாக வைத்தேன்: தூளான சேவு, பல்லைப் பிடுங்கிய மிட்டாய், பால்கோவா வாசனை வீசும் காகிதம். மனைவி வாயைத் திறப்பதற்குள் வெட்டுவான் கோயிலைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். மேலிருந்து கீழே வந்த கலைஞனை, பாதியில் நின்ற மகத்துவத்தை, ஆயிரத்து இருநூறு வருஷத்துக்குப் பிறகும் சனங்கள் அதைத் தேடி மலையேறி வருவதை, எல்லாம் சொல்லி, கேட்டை ஒரு பார்வை பார்த்தேன்.

அவள் முழுக்கக் கேட்டாள்.

"அதைப் பார்க்க அவ்வளவு பேர் வர்றாங்க, சரி. இதைப் பார்க்க ஞாயித்துக்கிழமை சம்பந்தி வர்றாங்க."

மறுநாள் காலை முக்காலியைக் கேட்டோரம் போட்டு உட்கார்ந்தேன். பரணிலிருந்து இறக்கிய பெயிண்ட் டப்பாவின் மூடியை நெம்பித் திறந்தேன்.

மூன்று வருஷத்தில் உள்ளே அதுவும் ஒரே பாறையாகியிருந்தது.