கொலைகாரர் வரைந்த கருணை

கேள்வி: ஒழுக்கம் கெட்ட கலைஞனின் படைப்பை ரசிக்கலாமா?

பதில்: இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1606இல் ரோமில் ஒருவரைக் கொன்றுவிட்டு, மரண தண்டனைக்குத் தப்பி நேப்பிள்ஸுக்கு ஓடினார். அங்கே போய் என்ன வரைந்தார் தெரியுமா? ‘கருணையின் ஏழு செயல்கள்’! சிறையில் பட்டினி கிடக்கும் தகப்பனுக்குக் கம்பி வழியே பாலூட்டுகிறாள் மகள். கிழவரின் தாடியில் ஒரு சொட்டு. அதைத் தீட்டிய கைதான் வாளையும் வீசியது. எந்தத் தேவாலயத்துக்காக வரைந்தாரோ, படம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

தாராளமாக ரசியுங்கள். ‘மேதைன்னா அப்படித்தான் இருப்பார்’ என்று மட்டும் சப்பைக்கட்டு கட்டாதீர்கள். கொலை செய்தவர்களில் பெரும்பாலோருக்கு நேராக ஒரு கோடு போடக்கூட வராது. படத்துக்குக் கைதட்டுங்கள், வழக்கு நடந்தால் அவருக்காகச் சாட்சிக் கூண்டில் ஏறாதீர்கள்.