தூசி யந்திரமும் தையல் சாஸ்திரமும்

வெள்ளாற்றின் வடகரையில் திட்டக்குடி, தென்பக்கத்தில் லப்பைக்குடிக்காடு; இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் மணலில் ஒரு பங்கு ஆடிக் காற்றில் கிளம்பி எங்கள் மாமியார் வீட்டுக் கூடத்தில் வந்து இறங்குவது நெடுங்காலமாக நடந்துவரும் காரியமாதலால், அதைத் துடைப்பத்தால் கூட்டி வாசலுக்குத் தள்ளுவதோடு அவ்வீட்டார் திருப்தியடைந்திருந்தார்கள். துபாயில் உத்தியோகம் பார்க்கும் என் மைத்துனர், கூடம் நிறைய விரிக்கத்தக்க ஒரு கம்பளத்தையும், அக்கம்பளத்தைப் பராமரிப்பதற்கென்றே நெட்டையாக நின்று உழைக்கும் ஒரு வாக்குவம் கிளீனரையும் கார்கோவில் போட்டு அனுப்பினார். கம்பளம் வராதிருந்தால் யந்திரத்துக்கும் அவசியம் இராது என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. பிள்ளை அனுப்பியதைப் பற்றித் தாயிடம் சொல்லக்கூடிய விஷயமும் அல்ல அது. அங்கே பிளக்குக்குச் சதுரக் கால், இங்கே உருண்டைக் கால் என்பதால், வந்த அன்றே ஒயரின் நுனியை வெட்டிப் புது பிளக் மாட்டினோம்.

சில மாதம் ஒழுங்காக ஓடிய யந்திரம், திடீரென்று ஒரு நாள், மாவு மில்லில் கல் அகப்பட்டாற் போலக் கரகரவென்று அரைக்கவும், இடையிடையே கிறீச்சென்று அலறவும், ரப்பர் கருகிய வாசனையை வீடெங்கும் பரப்பவும் ஆரம்பித்தது. "பக்கத்து வீட்டுல ஜெனரேட்டர் வாங்கிட்டீங்களான்னு கேக்குறாங்க மாப்பிள்ளை" என்றார் மாமி. அக்குரலில் கவலை பாதி, கௌரவம் பாதி.

நியாயமாகப் பார்த்தால் சப்தம் இந்த ஜாதி யந்திரத்துக்குப் பரம்பரைச் சொத்து. 1901-இல் லண்டனில் ஹூபர்ட் பூத் என்பவர் அமைத்த ஆதி யந்திரம், குதிரை வண்டியில் ஏறித் தெருவில் நின்றுகொண்டு, குழாய்களை மட்டும் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் அனுப்பிற்று. அதன் இரைச்சலில் வாடகை வண்டிக் குதிரைகள் மிரண்டன என்று சொல்வார்கள். அதைக் கையால் தள்ளும் அளவுக்குச் சுருக்கியவர், அமெரிக்காவில் காண்டன் நகரத்துக் கடையொன்றில் கூட்டிப் பெருக்கும் வேலையிலிருந்த ஜேம்ஸ் ஸ்பாங்க்ளர். ஆஸ்துமாக்காரரான அவர், தூசியின் உபத்திரவம் பொறுக்கமாட்டாமல், மோட்டார், துடைப்பக் கம்பு, தலையணை உறை இவற்றைக் கூட்டிச் செய்த சாதனத்துக்கு 1908-இல் பேட்டண்ட் கிடைத்தது. தோல் சாமான் வியாபாரியான ஹூவர் அதை வாங்கிக்கொண்டார். உழைத்தவர் பெயர் போய் வாங்கியவர் பெயர் நிலைத்தது. அந்தச் சாதனத்தில் கம்பளத்தைக் கிளறுவதற்கென்று ஸ்பாங்க்ளர் வைத்த சுழலும் பிரஷ் உருளைதான், நூறு வருஷம் கழித்து எங்கள் கூடத்தில் அலறியது.

விஷயம் தெருவில் பரவவே, அபிப்பிராயங்கள் வந்து குவிந்தன. மிக்ஸி மெக்கானிக், மோட்டாரின் கார்பன் தேய்ந்துவிட்டது என்றார். ரைஸ் மில்லில் பிட்டராக இருந்தவர், எதையும் பார்க்காமலே, கிரீஸ் வைக்க வேண்டும் என்றார். மலேயாவிலிருந்து திரும்பிய பெரியவரோ வோல்டேஜைக் குற்றம் சாட்டினார். மின்விசிறி முதல் மருமகள் வரை எது சரியாக ஓடாவிட்டாலும் அவருக்கு வோல்டேஜ்தான் காரணம். ஒவ்வொருவரும் தத்தம் தொழிலில் கண்ட கோளாறையே யந்திரத்திலும் கண்டார்கள் என்று நான் பரிகாசமாக நினைத்துக்கொண்டிருக்கையில், அதே வழியில் யோசித்த இன்னொருவர் சரியாகச் சொல்லிவிட்டார். அவர் தையல்காரர்.

"பிளக்கைப் பிடுங்கிட்டு, அடிமூடியைத் திறந்து பெல்ட்டைக் கழட்டுங்க தம்பி. அப்புறம் மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாருங்க. தையல் மிஷின்லயும் நாங்க அப்படித்தான் பாப்போம்" என்றார்.

பெல்ட் இல்லாமல் ஓடிய மோட்டார், எந்த அபஸ்வரமும் இன்றி ரீங்காரம் செய்தது; ஆகவே கார்பனும் வோல்டேஜும் நிரபராதிகள். பிறகு உருளையைக் கையால் சுற்றினால், ஒரு முனை வழுக்கிக்கொண்டு சுழல, மறுமுனை கரகரத்தது. அம்முனையின் மூடியைக் கழற்றியதும் ரகசியம் வெளிப்பட்டது: வீட்டுப் பெண்மக்கள் அனைவருடைய கூந்தலும், கறுப்பு, நரை, மருதாணிச் சிவப்பு என்ற பேதமின்றி, உருளையின் முனையில் இறுகச் சுற்றிக்கொண்டு பேரிங்குக்குள் நுழைந்திருந்தது, அதில் ஊறிய தேங்காயெண்ணெயில் வெள்ளாற்று மணல் குழைந்து, அரைப்பதற்கு அருமையான பதத்தில் இருந்தது. உருளை முரண்டு பிடிக்க, மோட்டார் விடாமல் இழுக்க, இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட பெல்ட் நீண்டு தளர்ந்து, மோட்டார்த் தண்டில் வழுக்கி வழுக்கி, உட்புறம் கருகிக் கண்ணாடிபோல் பளபளத்தது. அலறலும் நாற்றமும் அதன் உபயம். காண்டன் நகரத்து ஸ்பாங்க்ளர் ஆஸ்துமாவை அறிந்தவரே அன்றி, லப்பைக்குடிக்காட்டுப் பின்னலை அறிந்தவர் அல்லர்.

தையல்காரர் நூல் வெட்டும் சிறு கத்தரியால் உருளையின் நீளவாக்கில் முடியை அறுத்து, உள்ளே சிக்கியதை ஊசி முனையால் நெம்பி எடுத்தார். பிட்டர் கிரீஸ் டப்பாவுடன் நெருங்கியபோது, "வேண்டாங்க, மணல் வந்து ஒட்டிக்கும். ஏற்கெனவே தலையிலேர்ந்து வந்த எண்ணெயே ஜாஸ்தி" என்று தடுத்துவிட்டார்.

புது பெல்ட் உள்ளூரில் கிடைக்கவில்லை. மைத்துனர், ஊருக்கு வந்த ஓர் ஆளிடம் இரண்டாகக் கொடுத்தனுப்பினார். ஒன்றை மாட்டினோம், யந்திரம் தனக்கு நியாயமாக உரிய இரைச்சலோடு இப்போது ஓடுகிறது. மற்றதைச் சேமித்து வைக்கத் தேடியபோது, அது அடுப்படியில், இடியாப்ப மாவு டின்னின் வாயில் கட்டிய பிளாஸ்டிக் கவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. மிஷினுக்கு வேண்டுமே என்றேன்.

"மிஷினுக்கு எப்பவோ ஒரு நாள்தானே மாப்பிள்ளை வேணும்" என்றார் மாமி. "டின்னுக்குத் தினமும் வேணும்."