ஆளுக்கொரு அழிரப்பர்

1979-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்ற இரண்டு மாணவர்கள் யூஸ்நெட் என்ற கணினிவழி விவாத வலைக்குப் பிள்ளையார் சுழி போட்டார்கள். தலைமையகம் கிடையாது, முதலாளி கிடையாது. ஒரு கணினியில் போட்ட பதிவு பக்கத்துக் கணினிக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்ததுக்கு. வதந்தி பரவுகிற அதே லட்சணம்தான்.

போட்டதை அழிக்கவும் ஏற்பாடு இருந்தது. 'கேன்சல்' என்றொரு செய்தியை அனுப்பினால் போதும். எழுதியவர்தான் அனுப்பலாம் என்பது விதி. அவர்தானா என்று எப்படித் தெரியும்? அனுப்புகிறவர் 'நான்தான்' என்பார்; கணினி நம்பிவிடும். படித்தவன் பொய் சொல்லமாட்டான் என்று இயந்திரங்கள்கூட நம்பிய பொற்காலம்.

1994 ஏப்ரலில் அரிசோனாவிலிருந்து லாரன்ஸ் கேன்டர், மார்த்தா சீகல் என்ற வக்கீல் தம்பதி வந்து சேர்ந்தார்கள். கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பம் போட்டுத் தருகிறோம், கட்டணம் தாருங்கள் என்ற விளம்பரத்தை யூஸ்நெட்டின் ஆயிரக்கணக்கான விவாதக் குழுக்களில் ஒட்டித் தள்ளினார்கள். குழுவில் எதைப் பற்றிப் பேசினாலும் சரி, கிரீன் கார்டு நிச்சயம். கொதித்தெழுந்தவர்கள் திட்டித் திட்டி மின்னஞ்சல் அனுப்பியதில் அவர்களுக்கு இணைப்பு தந்த நிறுவனத்தின் கணினி படுத்துவிட்டது. தம்பதி அசரவில்லை, இணையத்தில் காசு பார்ப்பது எப்படி என்று புத்தகமே போட்டார்கள்! நார்வேக்காரர் ஒருவர் அவர்கள் ஒட்ட ஒட்டக் கிழிக்கும் தானியங்கி நிரலை எழுதினார். ஊரே கைதட்டியது.

கைதட்டிய ஊர் ஒன்றை யோசிக்கவில்லை. அடுத்தவர் பதிவை நல்லவர் அழிக்க முடிந்தால் கெட்டவரும் அழிக்கலாமே. அழித்தார்கள். 1995 ஜனவரியில் சயன்டாலஜி என்ற மதச் சபையின் வக்கீல் இன்னும் ஒருபடி மேலே போய், சபையைக் கிழித்துத் தொங்கவிட்ட குழுவையே கலைக்கச் சொல்லி எல்லாக் கணினிகளுக்கும் கட்டளை அனுப்பினார். நிர்வாகிகள் பலர் அதைச் சட்டைசெய்யவில்லை. குழுவுக்கு ஓசியில் விளம்பரம் கிடைத்ததுதான் மிச்சம்.

கால் நூற்றாண்டில் புத்தி வந்திருக்கும் என்கிறீர்களா? 2019-இல் வெறுப்புப் பேச்சுக்குப் பேர்போன 'கேப்' தளம், யூஸ்நெட்டைப் போலவே தலைமையகம் இல்லாத சமூக வலையான மாஸ்டடானின் மென்பொருளை எடுத்துக்கொண்டது. திறந்த மூல நிரல். யார் எடுத்தாலும் தடுக்க முடியாது. மாஸ்டடான் வழங்கிகள் ஒவ்வொன்றாகக் கேப்புக்குக் கதவைச் சாத்தின. சாத்தியவர்களுக்கு நிம்மதி. கேப் தன்பாட்டுக்கு நடந்தது.

அந்தக் கிரீன் கார்டு வக்கீல் கேன்டருக்கு விழுந்த உருப்படியான அடியைக்கூடக் கொடுத்தது எந்த நிரலும் அல்ல. 1997-இல் டென்னசி மாநிலம் அவருடைய வக்கீல் உரிமத்தைப் பறித்தது. சொன்ன காரணங்களில் அந்தக் கிரீன் கார்டு விளம்பரமும் ஒன்று.