தெரியுதா?

அண்ணாச்சி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்துவிடும். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரைக்கூட விடமாட்டார். ஒற்றை நாற்காலி, அதன் கால்களுக்குத் தரையில் சாக்பீஸ் அடையாளம். "உக்காருங்க. தலைய ஆட்டாதீங்க." 1978-இல் வந்த 'பிரியா' ஓடும். ஸ்டீரியோவில் பதிவான பாட்டுகள் என்பதால் அதுதான் அவருக்கு வேதம். ஒரு சரணம் முடிந்ததும் நிறுத்துவார். ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் தலையை நுழைத்து, ஒரு வயரை உருவி இன்னொன்றைச் செருகுவார். மறுபடி அதே சரணம்.

"தெரியுதா?"

எல்லாப் பதிலும் சொல்லிப் பார்த்துவிட்டேன். "தெரியலையே" என்றால் முதலிலிருந்து வரும். "தெரியுது" என்றால், "என்ன தெரியுது?" "லேசா..." என்று இழுப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்து. "லேசாத்தான் தெரியும் தம்பி. வயரு இன்னும் பழகல. 200 மணி நேரம் பாட்டு ஓடணும். அடுத்த வாரம் வாங்க." புதுச் செருப்பு பழகும், புது மருமகள் பழகுவாள், செம்புக் கம்பி எதைப் பழகும்? கேட்டால் நம் காதைப் பரிதாபமாகப் பார்க்கிறார்.

காது! வெடி வெடித்தால் 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். அந்த வெடியைச் செய்துதான் எங்கள் அச்சங்குளத்தைச் சுற்றிப் பிழைப்பே. அணுகுண்டும் சரவெடியும் கேட்டு வளர்ந்த காதிடம், "தபேலா ஒரு நூல் பின்னால தள்ளி நிக்குது, கவனிச்சீங்களா?" என்கிறார்.

வயரை அவரே செய்கிறார், வேலையில் குறை சொல்ல முடியாது. மோட்டார் காயில் கட்டும் கடையில் வாங்கிய செம்பு. பிளாஸ்டிக் உறை ஆகாது, ராஜபாளையத்துப் பருத்தி நூல்தான். நூலுக்கிடையில் காற்று நிற்கும், சிக்னலைக் குடிக்காது என்பார். (இது முழுப் பொய்யும் அல்ல.) பிறகு நாலு வடமாகப் பின்னுவார். "பிள்ளைக்குச் சடை போடச் சொன்னா விரலு வலிக்குமாம்" என்று உள்ளேயிருந்து மதினி குரல் வரும். மதினிக்கு வேறு கவலையும் உண்டு. வெள்ளி, செம்பைவிட 6 சதவீதம் போலத்தான் கூடுதலாக மின்சாரம் கடத்தும். அந்த 6 சதவீதத்துக்காக மதினியின் கொலுசு மேல் அண்ணாச்சி கண் வைத்திருக்கிறார்.

2007-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்பவர், 7,250 டாலர் கேபிளைக் கண்ணால் பார்க்காமல் காதாலேயே அடையாளம் சொன்னால் பத்து லட்சம் டாலர் என்று சவால் விட்டார், கடைசியில் போட்டியே நடக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "நாற்காலிய எங்க போட்டிருந்தானாம்?" என்றார்.

இத்தனைக்கும் பங்குனிப் பொங்கலுக்கு மைக் செட் 'ம்ம்ம்' என்று இரைந்து பூசாரி குரலையே விழுங்கியபோது, மேடைக்கு அடியில் ஊர்ந்து போனவர் இவர்தான். ஒரு வயரில் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் வெட்டிவிட்டு, ஈயம் வைத்து வெளியே வந்தார். இரைச்சல் நின்றது. ஊருக்கே வித்தியாசம் தெரிந்தது. அன்றைக்கு மட்டும் அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வேட்டி மண்ணைத் தட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

ஆனால் என் டேப்ரிக்கார்டர்? வயர் பழக்க வேண்டும் என்று போன தீபாவளிக்கு வாங்கிப் போனார். 200 மணி நேரம் என்பது எட்டு நாள் சொச்சம். இப்போது அடுத்த தீபாவளி வரப்போகிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது வாங்கி வாருங்கள். நாற்காலியில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள்.